தீனிக்கு முந்தைய எடை

கண்ணு,

கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதிப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருந்தேன். நீ அதில் ஒரே ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாய். கோயமுத்தூர் பறவை டாக்டரம்மாவின் பெயர். "இவங்களுக்கு எதுக்கும்மா? நம்ம பாபினைக் கொல்லப் பாத்தவங்க" என்று கீழே ஒரு வரி. மூன்று நாளாக அந்த வரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாபினைக் கொல்லப் பார்த்தது அந்த அம்மா இல்லை. நான். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். நீ "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதும் பேச்சைச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டேன். எழுதினால் நடுவில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. அவசரமாகப் படித்துவிட்டு "சரி உடும்மா" என்று ஒரு வரி அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பாபின் நம் வீட்டுக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அது உன் அப்புச்சியின் சாவிலிருந்து தொடங்குகிறது. நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாய். இயற்பியல் பரீட்சைக்கு முந்தின நாள் பொங்கலூரில் என் அப்பா போய்விட்டார். பையனிடம் சொல்ல வேண்டாம், பரீட்சை கெட்டுவிடும் என்று ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாரையும் விட உரக்கச் சொன்னது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டல் போனிலிருந்து கூப்பிட்டு, "அப்புச்சிகிட்டக் குடும்மா" என்றாய். நான் அழுத மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரு தோட்டத்துக்குப் போயிருக்காரு கண்ணு, நீ படி" என்றேன். கடைசிப் பரீட்சை முடிந்து நீ வந்து தெரிந்துகொண்டபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. நீ அழவில்லை. "வர்றதா வேண்டாமான்னு நாந்தானம்மா முடிவு பண்ணோணும்? எம் பரீட்சை, எங்க அப்புச்சி. நீங்க எப்புடி முடிவு பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டாய். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் என்னோடும் உன் அப்பாவோடும் நீ பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான் ஒரு நாள் மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக ஒரு காக்டெயில் கிளிக் குஞ்சை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தாய். தையல் மெஷின் மேசையில் விட்டதும் அது நேராக நூல் சுற்றிய பாபினைப் போய்க் கொத்தியது. அதுவே பெயராகிவிட்டது. நீ எங்களிடம் பேசாத பேச்சையெல்லாம் அதனிடம் பேசினாய். பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நீ அடிக்கும் விசிலை அது சீக்கிரமே கற்றுக்கொண்டது. நீ படித்து முடித்து நொய்டாவில் வேலைக்குப் போன பிறகு, இங்கே நல்லூரில் எவன் வண்டி நம் வாசலில் நின்றாலும் அந்த விசிலை அடித்துவிட்டுக் கதவையே பார்க்கும். நான் அடுப்படியிலிருந்து, "அவன் இல்ல கண்ணு, பால்காரரு" என்று பதில் சொல்வேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் உனக்கு அங்கே சோறு இறங்காது என்று நினைத்தேன். பார், அப்போதே ஆரம்பித்துவிட்டேன்.

நீ போன இரண்டாம் மாதம் அதற்கு உடம்பு கெட்டது. முதலில் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எப்போது பார்த்தாலும் தின்றுகொண்டே இருந்தது. நன்றாகத் தின்கிறதே என்று எனக்குப் பெருமைகூட. பிறகு ஒரு நாள் கூண்டைக் கழுவும்போது பார்த்தால், எச்சத்தில் தினை முழுசு முழுசாகக் கிடந்தது. கையில் எடுத்தேன், நெஞ்சு எலும்பு விரலில் இடறியது. உனக்குச் சொன்னேன். நீதான் எங்கெங்கோ விசாரித்து அந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாய். உன் அப்பாவும் நானும் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். வயிற்றில் ஒருவிதப் பூஞ்சை, தின்பது உடம்பில் ஒட்டாமல் அப்படியே போய்விடுகிறது என்றார். நாளைக்கு இரண்டு வேளை மருந்து, மூன்று வேளை கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்ட வேண்டும், உடம்புச் சூடு குறையக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். "காலைல எந்திரிச்சதும், எதுவும் குடுக்கறதுக்கு முன்னாடி எடை போடுங்கம்மா. வெறும் வயித்துல. அது ஒண்ணுதான் எனக்கு உண்மையச் சொல்லும். மத்ததெல்லாம் பறவை நடிக்கும்."

கிராம் கணக்கில் எடை போட நம் ஊரில் தராசுக்கா பஞ்சம்? துணியை வட்டமாக வெட்டி ஜி.எஸ்.எம். கனம் பார்ப்பதற்கென்று ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் ஒரு சின்னத் தராசு இருக்கும். எங்கள் கம்பெனியில் மூலையில் கிடந்த பழையதை முதலாளியிடம் கேட்டேன். "குருவிக்கு ஜி.எஸ்.எம். பாக்கப் போறீங்களாக்கா?" என்று சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். ஏற்றுமதி அட்டைப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பக்கவாட்டில் பல்பு மாட்டி, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள ஒரு பக்கம் இடம் விட்டு, அதற்கு ஒரு அறை செய்தேன். கீழே விரிக்க வெட்டுத்துணி. நூல் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் இன்னும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஓரப் பிசிறை வெட்டிவிட்டுத்தான் போடுவேன். சரக்கு வாங்கும் எந்த பையருக்கும் அவ்வளவு சுத்தமாக நான் பிசிறு வெட்டியதில்லை.

காலையில் அதைத் துணியில் சுற்றித் தராசில் வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். நீ டாக்டரம்மாவுக்கு அனுப்புவாய். நல்லா இருந்தபோது தொண்ணூற்று நான்கு கிராம் இருந்தது என்று நீ எப்போதோ எழுதி வைத்திருந்தாய். முதல் நாள் எழுபத்தொன்பது. அடுத்த நாள் எழுபத்தெட்டு. அப்புறம் எழுபத்தேழு. அன்றைக்கு நீ போனில் சொன்னாய்: "எழுபத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா நான் கிளம்பி வந்தர்றேன்மா. லீவு குடுக்கலைன்னா வேலையே வேண்டாம்." வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த வேலைக்காக நீ எத்தனை இடத்தில் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் காலை தராசு எழுபத்து நான்கு காட்டியது.

போனைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, சிரிஞ்சை எடுத்துத் தீனியைக் கரைத்து ஊட்டினேன். ஊட்டி முடித்து மறுபடி தராசில் வைத்தேன். எண்பது. அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டுக் கத்தினாய்: "ஏறுதும்மா! மருந்து கேக்குது!" உன் குரலில் அத்தனை சந்தோஷம். "ஆமா கண்ணு, நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

இது என் கைக்குப் புதிய வேலை இல்லை, அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் என்ன செய்வோம்? நல்ல பீஸாகப் பொறுக்கிப் பெட்டியின் மேலடுக்கில் வைப்போம். அவர் எந்தப் பெட்டியைத் திறப்பார் என்று எங்களுக்கு ஒரு ஊகம் இருக்கும், அந்தப் பெட்டி இன்னும் நன்றாக இருக்கும். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. "காட்டறது" என்போம். இப்போது நீ அந்த மேசைக்கு மறுபக்கம், பையருக்காகச் சரக்கைப் பரிசோதிக்கும் பையிங் ஹவுஸில் உட்கார்ந்திருக்கிறாய். அடிப் பெட்டியை இழுக்கச் சொல்லும் ஆட்களில் நீயும் ஒருவன். உனக்கே நான் மேலடுக்கைக் காட்டினேன். நீ அடியை இழுத்துப் பார்க்கவில்லை, காட்டியது உன் அம்மா என்பதால்.

ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எண்பது காட்டிய மறுநாள் எழுபத்து நான்கை எப்படிக் காட்டுவது? அதனால் தினமும் ஊட்டிவிட்டு எடை போட்டேன். எண்பது, எண்பத்தொன்று, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. எண் ஏற வேண்டுமே என்று நாளுக்கு ஒரு மில்லி கூடவும் ஊட்டினேன். உண்மையில் அது எழுபத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. செக்கிங்காரியின் புத்தி, பார்த்ததை எழுதாமல் விட முடியாது. வெறும் வயிற்று எடையை ஒரு பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

நீ அனுப்பிய எடைகளைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார், நன்றாகத் தேறுகிறது, இனிக் கையால் ஊட்டுவதை ஒரு வேளையாகக் குறைக்கலாம், தானாகத் தின்னப் பழகட்டும் என்று. அவர் கையில் இருந்த எண்ணுக்கு அது சரியான வைத்தியம். என் கையில் இருந்த எண்ணுக்கு அது பட்டினி. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்று இரண்டு வருடம் யோசித்திருக்கிறேன். உன் வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதியையும் கேட்டுக்கொள். கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். மத்தியானமும் நாலு மணிக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஊட்டிவிட்டுப் போய் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு வேளை போதும் என்று டாக்டரே சொன்னதும், அப்பாடா என்று இருந்தது. நானே ஏற்றிக் காட்டிய எண்ணை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

ஊட்டுவதைக் குறைத்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கினேன். பாபின் உட்காரும் கம்பியில் இல்லை. பெட்டியின் மூலையில், இறகெல்லாம் உப்பி, கண்ணைப் பாதி மூடி, தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. தராசில் வைத்தேன். அறுபத்தெட்டு. சுற்றி வைக்கும் துணிகூடத் தேவைப்படவில்லை. அது எங்கேயும் பறக்கிற நிலையில் இல்லை.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. நேராக டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"டாக்டருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

"சொல்லுங்கம்மா. பாபின் எப்படி இருக்கு?"

"இத்தன நாளா அனுப்புன எடையெல்லாம் தீனி ஊட்டுனதுக்குப் பொறகு போட்டதுங்க. பையன் பதறுவான்னு அப்படிப் பண்ணிட்டனுங்க. இன்னிக்கு வெறும் வயித்துல அறுவத்தெட்டுங்க."

"தீனிக்கு முந்தின எடைய எங்கயாச்சும் குறிச்சு வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. எல்லா நாளும் இருக்குதுங்க."

"அத மொதல்ல அனுப்புங்க. திட்டறதுக்குப் பொறகு நேரம் இருக்கு."

அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து அனுப்பினேன். அதை வைத்துத்தான் என்ன நடந்திருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். ஒரேயடியாக ஊட்டக் கூடாது, அந்த உடம்பு தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, கைச்சூட்டுக்குக் கொஞ்சம் மேலாக. தலை நிமிரவில்லை என்றால் ஊட்டவே கூடாது, முதலில் சூடு. நான் ஐந்து நாள் லீவு போட்டேன். ஷிப்மென்ட் நேரத்தில் லீவா என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கட்டும். முதல் இரண்டு நாள் அறுபத்தெட்டிலேயே நின்றது. இறங்கவில்லை என்பதே எனக்குப் பெரிய விசேஷமாக இருந்தது. மூன்றாம் நாள் அறுபத்தொன்பது. ஐந்தாம் நாள் எழுபத்தொன்று, அன்று அது என் கட்டைவிரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா, "கடிச்சதுக்கா புள்ள இப்படி அழுவ?" என்று மருந்து தேடப் போனார்.

அந்த ஞாயிறு உனக்கு நான் சொன்னது, "கொஞ்சம் எறங்கிருச்சு கண்ணு, ஊட்டறதக் குறைச்சதால போல" என்பது மட்டும். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காச்சு காச்சென்று காச்சினாய். ஏறிக்கொண்டிருந்த பறவையை நீங்கள்தான் இப்படிப் பண்ணினீர்கள், படித்துத்தான் டாக்டர் ஆனீர்களா என்று கேட்டாயாம். அதை என்னிடம் நீயே சொன்னாய், "நல்லாக் குடுத்தேம்மா அவங்களுக்கு" என்று. அப்போது அந்த அம்மாவுக்கு உண்மை முழுதும் தெரியும். ஒரே வாக்கியத்தில் உன் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. நானும் அடைக்கவில்லை. "சரி உடு" என்றேன். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, தெனமும் ஒருத்தர் திட்டறதுதான். ஆனா உங்க பையனுக்கு நீங்கதான் சொல்லோணும், நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்கிறேன் என்று வந்தேன். தீபாவளி வந்தது, உன் வேலை நிரந்தரமானது, பொண்ணு பார்த்தோம். சொல்ல நல்ல நாள் ஒன்று வரவே இல்லை.

பாபின் எண்பத்தெட்டு வரை ஏறியது. தொண்ணூற்று நான்கைத் திரும்பத் தொடவில்லை. விசில் மட்டும் திரும்பி வந்தது.

கல்யாணமாகப் போகும் பையனுக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உனக்கு வரப்போகிற பெண்ணிடம் தீனிக்கு முந்தைய எடையைச் சொல். அவள் பதறுவாள், தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு பண்ணிக்கொண்டு ஊட்டிவிட்டு எடை போடாதே. பாசத்தில்தான் அப்படிச் செய்யத் தோன்றும். நானும் உன் மேல் உயிரை வைத்துத்தான் செய்தேன். ஆனால் பொய்யான எண்ணை வாங்கிக்கொண்டவர்கள் பொய்யான முடிவைத்தான் எடுப்பார்கள், அதில் அடிபடுவது நடுவில் இருக்கும் ஒன்று. சண்டை வரட்டும். வேலை போனால் போனது என்று சொல், சம்பளம் பத்தவில்லை என்றால் பத்தவில்லை என்று சொல், அவள் செய்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் அதை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்.

டாக்டரம்மாவுக்கு நான் பத்திரிகை வைத்துவிட்டேன். உன் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே போய் வைத்தேன். வருகிறேன் என்றிருக்கிறார். வந்தால் நீ எழுந்து நின்று கும்பிட வேண்டும். என்ன பேச வேண்டும் என்று உனக்கே தெரியும்.

பத்திரிகை வைக்கப் போன அன்று பாபினையும் கூடையில் கொண்டுபோனேன். ஏன் என்று கேட்பாய். பத்து நாளாக மறுபடி எச்சத்தில் தினை முழுசாகக் கிடக்கிறது. பழைய பூஞ்சைதான், இந்த முறை வயதும் சேர்ந்திருக்கிறது, மருந்து ஆரம்பிப்போம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். பல்பும் அட்டைப் பெட்டியும் மறுபடி வந்துவிட்டன. மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன், ஒரு வேளையும் தவறவில்லை. நான்கு நாளாக வாசலில் எத்தனை வண்டி நின்றும் விசில் இல்லை. உன் அப்பா நேற்று, "கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாள் இருக்குது புள்ள. முடியட்டும், பொறகு சொல்லிக்கலாம். இப்ப சொல்லி எதுக்கு அவன் மனசக் கெடுக்கோணும்?" என்றார். பாவம், அவரும் உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

வருவதும் வராததும் உன் முடிவு. வந்தால் எத்தனை நாள் லீவு போகும், கல்யாணத்துக்கு மிச்சம் இருக்குமா, எதையும் நான் உனக்காக யோசிக்கப் போவதில்லை. அப்புச்சி விஷயத்தில் அந்த முடிவை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மறுபடியும் பிடுங்கினேன். மூன்றாவது தடவை என்னால் முடியாது. இந்தத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே தராசையும் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்தில் சிரிஞ்சு இருக்கிறது பார், நேற்றுக் கழுவி வைத்தபடியே இருக்கிறது, உள்ளே தீனி இல்லை.

இன்று காலை, எதுவும் ஊட்டுவதற்கு முன், எழுபத்து நான்கு.

அம்மா